என் முழங்காலும் கறுப்பு மணல் மேடும்

முதலில் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். என் காலில் ஒரு குறையும் இல்லை. ஓக்லாந்தில் இருக்கிற தமிழ்ச் சனத்தில் பாதிப் பேர் இதற்கு மாறாகச் சொல்வார்கள். அவர்கள் என் காலைப் பார்த்தவர்கள் அல்லர். போனில் கேள்விப்பட்டவர்கள்.

நான் மன்னார் பேசாலையைச் சேர்ந்தவள். பெயர் திரேசம்மா, வயது எழுபத்து மூன்று. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு செபப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகினேன். மகள் றெஜினா இங்கே ரானுயியில் இருக்கிறாள். அவளுடைய மகளின் முதல் நற்கருணைக்கென்று ஆறு மாத விசாவில் வந்தேன். இங்குள்ள தமிழ் நடைக் குழுவின் மலருக்கு, பாலைவன நடைக்குப் போக விரும்புகிறவர்களுக்கு உதவியாக யாராவது எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். நான் எழுதுகிறேன் என்றேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கள், நடந்ததைத் திருத்த வேண்டாம் என்றும் சொல்லித்தான் கொடுத்திருக்கிறேன்.

ஓக்லாந்தில் பாலைவனம் ஏது என்று நீங்கள் கேட்கலாம். மேற்குக் கரையில் பெத்தல்ஸ் என்று ஒரு கடற்கரை இருக்கிறது. அதற்குப் பின்னால் மலை உயரத்துக்கு மணல். ஒரு புல் பூண்டு முளைக்காது. மணல் முழுக்கக் கறுப்பு. குழுவில் எல்லோரும் அதைப் பாலைவனம் என்றே சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அந்த மேட்டுக்கு அப்பால் வைனாமு என்று ஒரு ஏரி. மேடு, ஏரி, இரண்டுக்கும் போகிற ஓர் ஓடை, இவ்வளவுதான் இடம். அதற்குள் மூன்று விதமாக நடக்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன். முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

வந்து மூன்றாவது மாதம் நான் தனியாகத் திரியத் தொடங்கியிருந்தேன். ரானுயியில் ரயில் ஏறினால் ஆறாவது தரிப்பு நியூ லின். அங்கே ஒரு பெரிய கடைத்தொகுதி. பச்சை மிளகாய் வாங்குவேன். அங்கே ஒரு மர வாங்கில் உட்கார்ந்து போகிற வருகிற ஆட்களைப் பார்ப்பேன். பக்கத்தில் வந்து இருக்கிற ஒரு சமோவாக்காரி, என்னைப்போலப் பருமன், என்னைப்போல வயது, ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு பனிஸ், அதாவது பன், தருவாள். நான் அவளுக்கு எள்ளுருண்டை கொடுப்பேன். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. ஒரு மணித்தியாலம் கதைப்போம். ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு கம்பத்தில் கார்டைக் காட்ட வேண்டும். அது 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். போய் வா என்று சொல்வது போல இருக்கும்.

ஒரு நாள் நியூ லின்னில் இறங்கும்போது செருப்பு வார் அறுந்து முழங்காலில் விழுந்தேன். விழுந்தது செருப்பின் குற்றம், காலின் குற்றம் அல்ல. இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் தூக்கிவிட்டார்கள். ஸ்டேசன்காரர் மகளுக்குப் போன் எடுத்தார். அவள் வேலை உடுப்போடு ஓடி வந்தாள். அன்றைக்குப் பின்னேரமே என் கார்ட் பிரிட்ஜுக்கு மேலே ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போய்விட்டது.

பிரிட்ஜ் உயரம். நான் உயரமில்லை. கதிரை போட்டு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. களவாக எடுத்த கார்டில் போகிற பயணம் எனக்கு வேண்டாம்.

அந்தக் கிழமைதான் முதல் போன் வந்தது. நடைக் குழுவை நடத்துகிறவர் முரளி என்று ஒரு தமிழ்நாட்டுக்காரர். கம்ப்யூட்டர் வேலை, வீடு தகனினியில். நல்ல மனிதர். அவருடைய மகனின் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டார். ரானுயியில் இருந்து தகனினிக்கு மோட்டர்வேயில் போக ஒரு மணித்தியாலம், நெரிசல் என்றால் இன்னும் கூட. றெஜினாவுக்கு வேலை முடிந்த களைப்பு. நான் குசினியில் நின்று இடியப்பம் பிழிந்துகொண்டிருக்கிறேன். அவள் போனில் சொல்கிறாள்:

"வர விருப்பம்தான் முரளி அண்ணா. அம்மாவுக்குக் கால் ஏலாது. எழும்பவே கஷ்டப்படுறா. தனிய விட்டிட்டு எப்பிடி வாறது?"

இடியப்ப உரலை அமத்தினபடியே திரும்பிப் பார்த்தேன்.

"சும்மா ஒரு சாட்டு அம்மா," என்றாள்.

சாட்டு என்பதைத் தமிழ்நாட்டுக்காரர் சாக்கு என்பார்கள். "உன்ரை காலைச் சாட்டன் பிள்ளை," என்றேன்.

"என்ரை காலைச் சொன்னா ஆர் நம்புவினம்?"

அதற்குப் பிறகு ஒரு புதுவீட்டுக் குடிபூரல், ஒரு பாட்டுப் பழக்கம், ஒரு மரக்கறிச் சாப்பாட்டு விருந்து. எல்லாவற்றுக்கும் என் கால் ஏலாமல் போயிற்று. கோயிலில் சனம் என் முகத்தைப் பார்க்க முன்னம் காலைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒருத்தி எண்ணெய் கொண்டுவந்து தந்தாள். இன்னொருவர் தன்னுடைய செத்துப்போன தகப்பனாரின் ஊன்றுகோலைக் கொண்டுவந்து சுவரில் சாத்திவிட்டுப் போனார். நான் அதை எடுத்துத் தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுத்தேன்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்க, ஒரு வியாழக்கிழமை நடைக் குழுவின் பட்டியல் போனில் வந்தது. சனிக்கிழமை பாலைவன நடை. பேத்தி அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். அவள் தமிழை இங்கிலிஷ் மாதிரித்தான் வாசிப்பாள், என்றாலும் விளங்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பாதை. பச்சை, கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் மர நிழல். மஞ்சள், ஓடை வழியாக ஏரிக்கரை மட்டும். சிவப்பு, நேரே மணல் மேட்டில் ஏறி, அங்காலே இறங்கி, ஏரியைச் சுற்றி வருவது. பச்சையில் நான்கு கைக்குழந்தைகளும் ஒரு பிள்ளைத்தாச்சியும் என் பெயரும் இருந்தன. என் பெயருக்குப் பக்கத்தில் 'சாப்பாட்டைப் பார்த்துக்கொள்வார்' என்று எழுதியிருந்தது.

"ஆர் இதை எழுதினது?" என்று கேட்டேன்.

"முரளி அண்ணா. உங்கடை காலுக்காகத்தான் அம்மா," என்றாள் றெஜினா. அவள் பகிடி விடவில்லை. ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லி அவளும் அதை நம்பிவிட்டாள். அதுதான் எனக்குச் சுட்டது.

"நான் சிவப்பிலை போறன்."

"அம்மா, அது மலை."

"மணல்தானே. ஏறி இறங்கி வந்தா கார்டைத் தருவியோ?"

அவள் பிரிட்ஜுக்கு மேலே இருந்த டின்னைப் பார்த்தாள். "விழாமல் வந்தா தாறன். ஏலாமல் பாதியிலை திரும்பினாலோ விழுந்தாலோ, ஊருக்குப் போகுமட்டும் கார்டைப் பற்றிக் கதைக்கக்கூடாது."

"சரி," என்றேன். எனக்கு இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. கண்ணாடி ஜன்னலுக்குள்ளால் பக்கத்து வீட்டுப் பூனையைப் பார்த்தபடி இருக்க இரண்டரை மாதம் நீளம்.

வெள்ளிக்கிழமை மருமகனின் தடித்த சொக்ஸ் இரண்டு சோடி எடுத்து வைத்தேன். மணலில் நடக்கிறவர்கள் கவனிக்க: சப்பாத்துக்குள் மணல் போனால் அது கல்லைக் கட்டிக்கொண்டு நடப்பது போல. சொக்ஸ் இரண்டு போட்டால் மணல் உள்ளே வராது, சூடும் பிடிக்காது. இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. கருவாடு காயப் போடுகிற மணலில் முப்பது வருஷம் நடந்தவளுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள். நானும் றெஜினாவும் பேத்தியும் எட்டுக்குப் போய் நின்றோம். வேறு ஒரு குருவி இல்லை. நம்முடைய ஆட்களுக்கு எட்டு மணி என்பது குளிக்கப் போகிற நேரம். ஒன்பதரைக்குப் பாதிப் பேர் வந்தார்கள். அப்போதும் புறப்படவில்லை, ஏனென்றால் முரளி வீட்டுச் சாம்பார்ப் பானை தகனினியில் அடுப்பிலேயே நின்றுவிட்டது. பாதி வழியில் திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தார்கள். பானை வந்து சேர்ந்தபோது பதினொரு மணி.

இது சின்ன விஷயம் இல்லை. கறுப்பு மணல் வெயிலைக் குடிக்கிற மணல். எட்டு மணிக்குக் காலை வைத்தால் குளிர்ச்சி. பதினொன்றரைக்கு வைத்தால் தோசைக் கல். வெறுங்காலோடு இங்கத்தையச் சனம் எங்கும் நடப்பார்கள், கடைக்குள்ளேயும் நடப்பார்கள். அவர்களே அந்த நேரத்தில் மணலில் துள்ளித் துள்ளித்தான் ஓடுகிறார்கள். ஆகவே போகிறவர்கள் விடியப் போங்கள். சாம்பார் பின்னால் வரட்டும்.

முரளி ஒரு பையில் இருந்து நாடாக்களை எடுத்து ஒவ்வொருவர் கையிலும் கட்டினார். என்னிடம் பச்சையோடு வந்தார்.

"அம்மா, உங்களுக்கு அங்க பாய் விரிச்சிருக்கோம். நல்ல நிழல்."

"எனக்குச் சிவப்பு கட்டுங்கோ தம்பி."

"அது ரொம்பச் செங்குத்தும்மா. வயசுப் பசங்களுக்கே மூச்சு வாங்கும்."

"நீங்கள் ஏறியிருக்கிறீங்களோ?"

"வீடியோல பாத்திருக்கேன்," என்றார்.

பக்கத்தில் கமலா நின்றாள். மலேசியாவில் இருந்து வந்தவள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஐம்பது வயது இருக்கும். வந்தவுடன் என்னிடம், "பசியாறியாச்சா ஆன்டி?" என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் கால் எப்படி என்று கேட்டார்கள். "கட்டிவிடுங்க சார். நான் பக்கத்துலயே இருக்கேன் லா," என்றாள் கமலா.

முரளி றெஜினாவைப் பார்த்தார். றெஜினா வேறு பக்கம் பார்த்தாள். சிவப்பு நாடா என் கைக்கு வந்தது. பேத்தி இங்கிலிஷில் ஏதோ சொல்லிக் கைதட்டினாள். அப்பம்மா, தயவுசெய்து செத்துப் போகவேண்டாம் என்று சொன்னாளாம். நான் உனக்கு அம்மம்மா, அப்பம்மா இல்லை என்று திருத்திவிட்டுப் புறப்பட்டேன்.

முதலில் ஓடை. கணுக்கால் தண்ணீர், அடியில் கெட்டியான மணல். தண்ணீருக்குள்ளேயே நடந்து போகலாம். மூன்று பேர் ஒன்றாக நடக்கிற அகலம். கதைக்க ஆசையுள்ளவர்கள் இதை எடுக்க வேண்டும். வீட்டு வாடகை, மோட்கேஜ், யாருடைய மகன் யாரைக் காதலிக்கிறான் என்று எல்லாவற்றையும் ஏரிக்குப் போக முன்னம் கதைத்து முடிக்கலாம். ஒரு தாய் தன் பிள்ளையிடம் "ஓடாதை, ஓடாதை" என்று கத்திக்கொண்டு போனாள். மன்னாரில் கழுதைகள் ரோட்டிலே படுத்திருக்கும், வாகனம் சுற்றிப் போகும். இங்கே அந்தக் கழுதைகள் மாதிரி ஓடைக்கு நடுவில் மூன்று வாத்துகள். நாங்கள் சுற்றிப் போனோம்.

மஞ்சள்காரர் ஓடையோடு நேரே போனார்கள். சிவப்புக்காரர் ஒன்பது பேர், முரளியை முன்னால் விட்டு மேட்டின் பக்கம் திரும்பினோம்.

சேலையைத் தூக்கிச் செருகினேன். சப்பாத்தைக் கழற்றி வார்களை முடிந்து கழுத்தில் போட்டேன். சொக்ஸோடு ஏறத் தொடங்கினேன். மணல் மேட்டில் ஏறுகிறது எப்படி என்றால், முன்னால் போனவரின் சுவட்டுக்குள் காலை வைக்க வேண்டும். புதிதாகக் கால் வைத்தால் ஓர் அடி ஏறி அரை அடி சறுக்கும். கொஞ்சம் ஏறு, நில், மூச்சை எடு, பிறகு ஏறு. அவசரப்படுகிறவர்கள்தான் களைக்கிறார்கள். இரண்டு மாணவர்கள் ஓடி ஏறினார்கள், பாதியில் மல்லாந்து படுத்தார்கள், பிறகு எழும்பி ஓடினார்கள். அவர்களுக்கு அதில் ஒரு சந்தோசம்.

முரளி படம் எடுக்க நின்றார். இன்னும் கொஞ்சம் ஏறி மறுபடி படம் எடுக்க நின்றார். மூன்றாம் முறை அவர் எடுத்தது வெறும் மணலை. கமலா பின்னால் ஒரு பெண்ணுக்குச் சப்பாத்து வாரைக் கட்டிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் கொஞ்சம் கீழே. நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் முகமெல்லாம் வேர்வை. குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, ஒரு உதவி. உங்களுக்கு முடியலைன்னு சொல்லிடுங்களேன்."

"ஏன் தம்பி?"

"எல்லாரும் திரும்பிடலாம். உங்களுக்காகத் திரும்பினோம்னா யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

"உங்களுக்கு என்ன செய்யுது?"

கீழே ஒரு தரம் பார்த்தார். "முட்டி. ரெண்டு வருஷமா இப்படித்தான். வீட்ல கூடச் சொல்லல. சொன்னா ஆபரேஷன்னு இழுத்துட்டுப் போயிடுவாங்க."

நான் இரக்கமில்லாதவள் அல்ல. அந்த மனிதருக்கு வலி என்பது பார்க்கவே தெரிந்தது. நான் ஒரு சொல் சொன்னால் போதும். உடனே நாலு பேர் என் கையைப் பிடிப்பார்கள், ஒருத்தி விசிறுவாள், பாவம் வயது போனவ என்பார்கள். முரளி என்னைக் கூட்டிக்கொண்டு இறங்குகிற நல்ல பிள்ளையாக இறங்குவார். எல்லோருக்கும் சுகம். எனக்குக் கார்ட் போகும். கார்ட் போனால் போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன், உண்மையைச் சொல்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு இந்த ஊரில் என் கால் என்னுடையதாக இராது. யாருக்கு எங்கே போக விருப்பமில்லையோ, அவர்கள் எடுத்துப் பாவிக்கிற பொதுக் காலாகிவிடும்.

"தம்பி," என்றேன், "ஒரு மாதமா என்ரை காலைச் சாட்டித்தான் எங்கடை வீட்டிலை எல்லாத்தையும் தட்டிக் கழிச்சவை. உங்கடை மகன்ரை பிறந்தநாளுக்கு வராததும் அப்பிடித்தான். அண்டைக்கு நான் நிண்டுகொண்டு இடியப்பம் பிழிஞ்சனான். இண்டைக்கு என்ரை கால் எனக்கு வேணும். உங்கடை முட்டியை நீங்கள்தான் சொல்லவேணும்."

அவர் என்னைப் பார்த்தார். "பிறந்தநாளுக்கு நெஜமாவே கால் வலி இல்லையா?"

"இல்லை."

"எப்படிம்மா நான் சொல்றது? லிஸ்ட் போட்டவனே நான்தானே."

"அந்த லிஸ்டிலை ஒரு பேரை மாத்துறதுக்கு வேறை ஆரிட்டைக் கேக்கவேணும்?"

அவர் மணலில் இருந்துவிட்டார். சூடு தாங்காமல் உடனே எழும்பினார். அதற்குள் மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர் என்னைக் காட்டி, அம்மாவுக்கு முடியல என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் யோசிக்கிறேன். பொய்யன் என்று அத்தனை பேருக்கு முன்னால் சொல்லியிருப்பேன், அதுதான் என் குணம்.

அவர் தொண்டையைக் கனைத்தார். "எனக்கு முட்டி வலிங்க. இதுக்கு மேல என்னால ஏற முடியாது. நான் எறங்குறேன். ஏறுறவங்க ஏறுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு, வங்கியில் வேலை செய்கிற தாட்டியான ஒருவர், "சார், நானே சொல்லலாம்னு இருந்தேன். கீழ பாத்தா எனக்குத் தலை சுத்துது," என்றார். சப்பாத்து வாரைக் கட்டியவள் புதுச் சப்பாத்து கடிக்கிறது என்றாள். அவளுடைய புருசன், "எனக்குப் பசிக்குது, வேற ஒண்ணுமில்ல," என்றார். இன்னொருத்திக்கு அரை மணித்தியாலமாகக் கக்கூசுக்குப் போக வேண்டும். அத்தனை பேரும் வெட்கத்தில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒன்பது பேர் என்று புறப்பட்ட சிவப்பில் மிஞ்சியது மேலே போய்விட்ட இரண்டு மாணவர்களும் கமலாவும் நானும்.

"நேரே இறங்காதையுங்கோ தம்பி," என்று முரளிக்குச் சொன்னேன். "சரிவாய், குறுக்காலை போங்கோ."

இந்த இடத்தில், பாதையைத் தெரிவுசெய்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வயதைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். மூச்சு இளைக்கிறவருக்கு மேடு வேண்டாம், ஓடையோடு போகட்டும். முழங்கால் நோவுள்ளவருக்கு ஏறுகிறது அல்ல, இறங்குகிறதுதான் எமன். அவர் ஓடையால் போய் ஏரிக்கரையில் தண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டு இருக்கட்டும், சுகமாய் இருக்கும். உயரத்துக்குப் பயந்தவர், சிறுநீர் அடக்க ஏலாதவர் எல்லோரும் கார் நிறுத்துமிடத்துக்குக் கிட்ட நில்லுங்கள், அங்கேதான் கக்கூசு இருக்கிறது. படம் பிடிக்க ஆசையுள்ளவர் ஏரிக்கரைக்குப் போகட்டும். மணல் மேடு அப்படியே தண்ணீருக்குள் இறங்குகிற இடம் அது, கமலா அங்கே நாற்பது படம் எடுத்தாள். பிள்ளைகளுக்கு மேடு நல்லது, பலகையில் இருந்து சறுக்குவார்கள், விழுந்தால் மணல். ஒன்றிலும் ஆசையில்லாமல் சாப்பாட்டுக்கு வருகிறவர் பச்சையில் இருக்கட்டும், அதிலே ஒரு குறைவும் இல்லை. என்னைக் கேளாமல் என் பெயரை அங்கே எழுதினதுதான் குறை.

மேலே போய்ச் சேர்ந்தோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி. காற்று சேலையைப் பிடுங்கியது. எங்கள் ஊர் மணல் வெள்ளை, கண் கூசும். இங்கத்தையது கரித்தூள் மாதிரி, கிட்டப் போனால் மினுங்குகிறது. திரும்பிப் பார்த்தேன், நான் ஏறி வந்த சுவடு பாதி அழிந்துவிட்டது.

எங்கிருந்தோ ஒரு வெள்ளைக்காரி நாயோடு வந்தாள். என்னிலும் வயது கூட. இரண்டு கையிலும் தடி, அந்தச் சூட்டிலும் வெறுங்கால். கமலாவோடு கதைத்தாள். கமலா எனக்குச் சொன்னாள்: "இவங்க மகன்களும் இவங்கள இங்க வர வேணாம்னுதான் சொல்வாங்களாம். கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்காங்க."

"ஒளிச்சு வாறது எனக்குப் பிடிக்காது எண்டு சொல்லு," என்றேன்.

கமலா சொன்னாள். கிழவி சிரித்து, திரும்ப ஏதோ சொன்னாள். என்ன என்று கேட்டேன். "உங்களுக்கு இன்னும் பழகலை, போகப் போகப் பிடிக்கும்கிறாங்க." நாய் என் சொக்ஸை முகர்ந்து பார்த்தது. மருமகனின் சொக்ஸ், அதற்கும் பிடிக்கவில்லை.

இறங்கும்போதுதான் அது நடந்தது. மேட்டின் ஏரிப்பக்கம் நல்ல சரிவு. குறுக்காலே இறங்கு என்று முரளிக்குச் சொன்ன நான், தண்ணீரைக் கண்ட சந்தோசத்தில் நேரே இறங்கினேன். கால் முன்னால் போய்விட்டது, நான் பின்னால் வந்தேன். இரண்டு தரம் உருண்டேன். எழும்பி இருந்து பார்த்தேன். வாய்க்குள் மணல், காதுக்குள் மணல். நோவு ஒன்றும் இல்லை.

கமலா ஓடி வந்து கை காலெல்லாம் அமத்திப் பார்த்தாள். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தாள். மாணவர்கள் தூரத்தில் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆன்டி, நான் ஒண்ணும் பாக்கல," என்றாள்.

அவளுக்குக் கார்ட் விஷயம் ஓடையில் வரும்போதே சொல்லியிருந்தேன். சேலையை உதறினபடி யோசித்தேன். நல்ல யோசனைதான். ஒரு மணித்தியாலத்துக்கு முன்னம்தான் ஒரு மனிதரை உண்மை சொல்லு என்று வெயிலில் நிற்க வைத்தவள் நான்.

ஏரியைச் சுற்றிப் போனோம். மர வேர்களும் சேறும் உள்ள ஒற்றையடிப் பாதை, கடைசியில் ஒரு சின்ன அருவி. அங்கே முகம் கழுவினேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மனம் அங்கே இல்லை.

திரும்பி வரும்போது எல்லோரும் பாயில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் இடியப்பம் முடிந்துவிட்டது. சாம்பார் நிறைய இருந்தது. முரளி நீட்டின காலோடு நடுவில் இருந்தார். அவருடைய மனைவி அவரோடு கதைக்காமல் அந்த முழங்காலில் ஐஸ் பையை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். றெஜினா எழும்பி வந்தாள். என் தலையில் இருந்த மணலைப் பார்த்தாள்.

"ஏறினீங்களோ?"

"ஏறினனான்."

"விழுந்தீங்களோ?"

கமலா சாம்பாரைக் கிண்டிக்கொண்டு நின்றாள்.

"விழுந்தனான். ரெண்டு தரம் உருண்டனான். எழும்பி ஏரியைச் சுத்தி வந்தனான்."

றெஜினா பாய்க்குத் திரும்பினாள். ஒரு கோப்பையில் எனக்குச் சோறு போட்டாள். அந்தக் கிழமை முழுக்க டின் பிரிட்ஜுக்கு மேலேயே இருந்தது. நானும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. பேச்சு என்றால் பேச்சு. பூனையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை போன் அடித்தது. முரளி. ஆபரேஷனுக்கு நாள் கேட்டிருக்கிறார்களாம். அதற்கு முன்னம் நடைக் குழுவில் எல்லோருக்கும் மத்தியானம் தகனினியில் சாப்பாடு. றெஜினா காலை நீட்டி செற்றியில் படுத்திருந்தாள். போனைக் காதில் வைத்தபடி தொடங்கினாள்:

"வர விருப்பம்தான் அண்ணா. அம்மாவுக்கு…"

நான் குசினி வாசலில் நின்றேன். கையில் ஒன்றும் இல்லை, சும்மா நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு அவளிடம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

"இல்லை அண்ணா," என்றாள். "எனக்கு அலுப்பா இருக்கு. அவ்வளவு தூரம் கார் ஓட எனக்கு ஏலாது." நீட்டின காலை மடக்கினாள். "அம்மா வருவா."

போனை வைத்துவிட்டு எழும்பிப் போய் டின்னை இறக்கினாள். கார்டைத் தந்தாள். "நியூமார்க்கட்டிலை மாறவேணும்," என்றாள். "செருப்பு வாரைப் பாத்துப் போடுங்கோ."

நியூமார்க்கட்டில் பிழையான மேடையில் நின்று ஒரு ரயிலை விட்டுவிட்டேன். தலைப்பாகை கட்டின ஒருவர் என் கையைப் பிடிக்காமல், முன்னால் நடந்து போய் வழி காட்டினார். அதனால் தகனினிக்கு ஒரு மணித்தியாலம் பிந்திப் போனேன், அதாவது சரியான நேரத்துக்கு. அங்கே புதுக் குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே மாதிரி, ஒரே சாம்பல் நிறம். இலக்கம் பார்க்கத் தேவைப்படவில்லை. ஒரு வாசலில் மட்டும் முப்பது சோடி செருப்புக் குவிந்து கிடந்தது.

கதவைத் திறந்தவர் முரளி. முழங்காலில் பட்டி கட்டியிருந்தார். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார், மகளின் கார் எங்கே என்று தேடுகிறார்.

"தனியாவா வந்தீங்க?"

"ஓம். உங்கடை கால் எப்பிடி, தம்பி?"

"எல்லாரும் அதைத்தாம்மா கேக்குறாங்க," என்றார். "யாரும் மொகத்தைப் பாக்க மாட்டேங்குறாங்க."

"கொஞ்ச நாளைக்குக் கேப்பினம்," என்று சொல்லி, செருப்பைக் கழற்றி அந்தக் குவியலுக்கு மேலே வைத்துவிட்டு உள்ளே போனேன்.